கோயில் மேளம் யார் கேட்பதற்கு?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு, சாப்பிட்டுட்டு, ஆற அமர உட்கார்ந்து படிங்க.

போன வாரம் நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. மோட்டார் மேளம் இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு, பென்டிரைவ் நிறைய பாட்டு இருக்கு. அப்புறம் எதுக்கு நாதஸ்வரத்துக்கு ஒருத்தர், தவிலுக்கு ஒருத்தர்னு ரெண்டு பேரை இந்தியாவிலேர்ந்து வரவழைச்சு, பெர்மிட் எடுத்து, சம்பளம், சாப்பாடு, தங்குற இடம்னு செலவு பண்றோம்? கேட்டவர் கோயிலுக்கு நல்லது நினைக்கிறவர். உபயத்துக்கு அரிசி மூட்டை தூக்குறவர். அதனால அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த மாசம் ஆண்டுக் கூட்டத்தில் இதைப் பேசப் போறாங்கன்னு தெரியுது. குழுவில் நாலு வரியில் பதில் எழுத முடியலை. அதனால இங்கே எழுதறேன்.

நான் சங்கீதம் படிச்சவன் இல்லை. எஸ்.பி.எம். முடிச்சதும் தொழிற்சாலைக்குப் போனவன், இன்னைக்கு சூப்பர்வைசர். முப்பது வருஷத்துக்கு மேல மிஷின் சத்தத்துக்கு நடுவுல நிக்கிறேன். இதில் சத்தத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச விஷயமும் கோயிலைப் பத்திப் படிச்ச விஷயமும் கலந்து வரும்.

முதல்ல சம்பளக் கணக்கிலிருந்தே ஆரம்பிப்போம். இது புதுசா வந்த செலவு இல்லை. தஞ்சாவூர் பெரிய கோயிலை ராஜராஜ சோழன் 1010-இல் கட்டி முடித்தான். அந்தக் கோயில் கல்வெட்டுகளில் யார் யாருக்கு என்ன கூலி என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் திருப்பதியம் பாடுவதற்கு, அதாவது தேவாரம் பாடுவதற்கு, 48 பேர். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். மொத்தம் 50 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்குறுணி நெல். 12 குறுணி ஒரு கலம் என்பதால், ஆளுக்குத் தினமும் கால் கலம் நெல். ஒரு ராஜா தன் பேரைச் சொல்லும் கோயிலில், பாடுகிறவனுக்கும் கொட்டுகிறவனுக்கும் எவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டி வைத்தான். பின்னால வர்ற நிர்வாகம் குறைச்சிடக் கூடாதுன்னு நினைச்சிருப்பான் போல!

48 பேர் எதுக்கு? பக்தர்களுக்குப் பொழுது போகறதுக்கா? இல்லை. கோயில் பூஜையில் பால், பூ, தூபம், தீபம், நைவேத்தியம் எல்லாம் சுவாமிக்குச் செய்யும் உபசாரம். கீதமும் வாத்தியமும் அந்த உபசார வரிசையில் வருபவை. வீட்டுக்கு வந்த பெரியவருக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி, சுவாமிக்குக் காதுக்கு ஒன்று கொடுக்கிறோம். முதலில் கேட்கிறவர் அவர். நாம பக்கத்துல நின்னு கேட்கிறவங்க.

சுவாமி எப்படிக் கேட்பார் என்பதற்குப் பெரியபுராணத்தில் ஒரு சம்பவம் உண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் மதுரைக் கோயிலில் யாழ் வாசிக்கிறார். அப்போது ஒரு அசரீரி. தரையின் ஈரம் தாக்கினால் யாழ் நரம்பின் கட்டு தளர்ந்துவிடும், அதற்கு ஒரு பலகை போடுங்கள் என்று. பலகை போடுகிறார்கள். அவர் அதன் மேல் யாழை வைத்து வாசிக்கிறார். எனக்கு இந்தக் கதையில் பிடிச்சது என்னன்னா, அங்கே சுவாமி பொன் கொடுக்கலை, பொருள் கொடுக்கலை. ஈரத்தில் நரம்பு தளர்ந்தா சுருதி இறங்கிடுமேன்னு கவலைப்படறார். வாசிக்கிறவர் மடியில் இருக்கும் கருவிக்கு அடியில் என்ன இருக்குன்னு கவனிக்கிறார். அந்த அளவுக்குக் காது கொடுக்கிறவர் முன்னாடிதான் நாம மோட்டாரைப் போட்டுட்டு தேங்காய்க்கு டோக்கன் வாங்கப் போறோம்.

அடுத்து, மேளம் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கலாம். கோயில் மேளத்துக்குப் பெரிய மேளம் என்று பேர். நாதஸ்வரம், தவில், தாளம், ஒத்து, இது நாலும் சேர்ந்தது. (ஒத்து என்பது ஒரே சுருதியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும் கருவி. இப்போ அந்த இடத்துல சுருதிப் பெட்டி வந்துடுச்சு.) நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடைந்தது. வாயில் வைக்கும் சீவாளி நாணலில் செய்தது. கவனிச்சுப் பாருங்க, நம்ம நாதஸ்வரக்காரர் வாசிக்கறதுக்கு முன்னாடி சீவாளியை வாயில் ஈரப்படுத்திக்கிட்டே இருப்பார். ஒன்று சரியா பேசலைன்னா கழட்டிட்டு இன்னொன்று மாட்டுவார். தவில் பலா மரத்தைக் குடைந்து செய்வது. ஒரு பக்கம் பூவரசங் குச்சி, இன்னொரு பக்கம் விரல். விரல்களில் மாவுப் பசையும் துணியும் வைத்து இறுக்கின கூடு போட்டிருப்பாங்க.

இந்த வாத்தியம் ஒரு காலத்தில் ஊருக்கே கடிகாரம். காலையில் பூபாளம், பௌளி. சாயங்காலம் கல்யாணி, பூர்விகல்யாணி மாதிரி. பள்ளியறைக்கு நீலாம்பரி. சுவாமி புறப்பாடு என்றால் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி. மல்லாரிக்குச் சொல் கிடையாது, பாட்டு வரி கிடையாது. வெறும் தாளக் கட்டும் சுரமும்தான். ஆனா அது காதில் விழுந்தா, தெருக்கோடியில் இருக்கிற கிழவிக்கும் தெரியும், சுவாமி எழுந்தருளிட்டார்னு. திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் கொண்டு வர தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி என்று தனித்தனியாக உண்டு. வீட்டில் அடுப்பு வேலையில் இருக்கிறவங்ககூட, இப்போ கோயில்ல என்ன நடக்குதுன்னு காதாலேயே தெரிஞ்சுக்கலாம். யாரும் உட்கார்ந்து கச்சேரி கேட்கலை, உண்மைதான். வேலை செஞ்சுக்கிட்டேதான் கேட்டாங்க. ஆனா காது திறந்திருந்தது. வேலை செய்யும்போது காதில் விழற எல்லாமே பின்னணிச் சத்தம் ஆயிடாது. அந்தச் சத்தம் நமக்கு ஏதாவது சொல்லுதா, சொல்றது நமக்குப் புரியுதா, இதுதான் வித்தியாசம்.

தவில்காரர் கண்ணைப் பாருங்க ஒரு நாள். அவர் தவிலைப் பார்க்க மாட்டார். குருக்கள் கையைப் பார்ப்பார். திரை விலகுற நேரம், தீபம் மேலே போற நேரம், மணி நிக்கிற நேரம். கல்யாணத்தில் தாலி ஏறும் நொடிக்குக் கெட்டிமேளம் கொட்டுறதும் அப்படித்தான். கையைப் பார்க்காம அதைச் செய்யவே முடியாது. அடுக்குத் தீபம் காட்ட குருக்களுக்கு ஒரு நிமிஷம் கூட ஆனா, வாசிப்பு அந்த ஒரு நிமிஷம் நீளும். கற்பூரம் சீக்கிரம் அணைஞ்சா அங்கேயே முடியும். மோட்டார் மேளத்துக்கு இது தெரியாது. அதை நான் பழுது பார்த்திருக்கேன், உள்ளே என்ன இருக்குன்னு தெரியும். ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு தண்டு, அதுல கை மாதிரி சுத்தியல். தண்டு சுத்தினா முரசு, மணி, தாளம் எல்லாம் வரிசையா அடி வாங்கும். சுவிட்சைப் போட்டதுலேர்ந்து நிறுத்தற வரைக்கும் ஒரே அடி. ஆள் கிடைக்காத சின்னக் கோயில்களுக்கு அது பெரிய உதவி. குறை சொல்லலை. ஆனா அது குருக்கள் கையைப் பார்க்காது.

சரி, காதில் விழணும் ஆனா யாரும் கவனிக்கக் கூடாது என்கிற மாதிரி இசை எப்போ வந்தது? இங்கேதான் என் தொழில் உள்ளே வருது. அதை வளர்த்துவிட்டதில் பெரிய பங்கு எங்களை மாதிரி தொழிற்சாலைகளுக்குத்தான்.

பாரிஸில் எரிக் சாத்தி என்று ஒரு இசையமைப்பாளர். நூறு வருஷத்துக்கு முன்னாடி அவர் ஒன்று யோசிச்சார். அறையில் நாற்காலி, மேசை இருக்கிற மாதிரி இசையும் சும்மா இருக்கணும், யாரும் அதைக் கவனிக்கக் கூடாது என்று. அதற்கு 'தட்டுமுட்டுச் சாமான் இசை' என்கிற மாதிரி ஒரு பேரே வைத்தார். 1920-இல் ஒரு நாடகத்தின் இடைவேளையில் அதை வாசிக்க வைத்தார். வாசிப்பு ஆரம்பித்ததும் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சாத்தி பதறிப்போய், பேசுங்க, நடங்க, கேட்காதீங்க என்று சுற்றிச் சுற்றி வந்தாராம். நம்ம கோயில்ல இதுக்கு நேர் எதிர். பேசாதீங்க, கேளுங்கன்னு போர்டு வச்சாலும் கதை குறையலை.

அடுத்து அமெரிக்கா. ஜார்ஜ் ஸ்கொயர் என்கிற ராணுவ ஜெனரல், கம்பி வழியா இசையை வீட்டுக்கும் கடைக்கும் அனுப்பும் வழியைக் கண்டுபிடித்தார். 1934-இல் அந்தக் கம்பெனிக்கு மியூசாக் என்று பேர் வைத்தார்கள். கேமரா விற்ற கோடாக் கம்பெனி பேர் மாதிரி இருக்கட்டும் என்று மியூசிக்கையும் கோடாக்கையும் ஒட்ட வைத்த பேர். ஹோட்டல், கடை, ஆபீஸ், தொழிற்சாலை எல்லா இடத்துக்கும் அது போனது. முற்பகலிலும் பிற்பகலிலும் தொழிலாளிக்குச் சோர்வு வரும் நேரம் பார்த்து, பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பாடுகிற குரல் இருக்காது. குரல் இருந்தா ஆள் கவனிப்பான், கவனிச்சா வேலை நிக்கும்.

பிரிட்டனில் யுத்த நேரம். 1940 ஜூன் மாதம் பி.பி.சி. வானொலி தொழிற்சாலைகளுக்கென்றே ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது. ஒரு தடவை அரை மணி நேரம். ஒரே சீரான தாளம் இருக்கணும், சத்தம் திடீர்னு கூடவோ குறையவோ கூடாது, தெரிஞ்ச பாட்டாக இருக்கணும். ஒரு அமெரிக்கப் பாட்டில் நடுவில் கைதட்டும் இடம் வரும். அது வந்தா தொழிலாளிகள் கையிலிருக்கும் கருவியால் மேசையைத் தட்டுவார்கள் என்று அந்தப் பாட்டையே வேண்டாம் என்று தள்ளிவிட்டதாகச் சொல்வார்கள். யோசிச்சுப் பாருங்க. பாட்டைக் கேட்டு ஒருத்தன் கைதட்டினா அது தோல்வி! அவன் காதில் விழணும், மனசில் விழக் கூடாது.

எங்க லைனிலும் ரேடியோ ஓடுது. ஒப்பரேட்டர்கள் எட்டு மணி நேரம் நின்னு ஒரே வேலை செய்யறாங்க, அவங்களுக்கு அது வேணும். தப்பே இல்லை. மத்தியான சாப்பாட்டு நேரத்தில் யாரையாவது கூப்பிட்டு, காலையில் என்ன பாட்டு போட்டாங்கன்னு கேட்டுப் பாருங்க. சொல்லத் தெரியாது. ஆனா அதே ஒப்பரேட்டர், தன் மிஷின் சத்தம் ஒரு துளி மாறினா உடனே திரும்பிப் பார்ப்பார். பேரிங் தேயுது, பிளேடு மழுங்குது என்று மீட்டர் சொல்றதுக்கு முன்னாடி அவர் காது சொல்லும். ரெண்டு சத்தமும் அதே காதுக்குள்ளதான் போகுது. ஒன்று அவருக்கு ஏதோ சொல்லுது, இன்னொன்று நேரத்தை நிரப்புது. எதை விடணும், எதைப் பிடிக்கணும்னு காது தானாகவே கத்துக்குது. இதுதான் எனக்குக் கோயிலை நினைச்சா பயம் தருது. வருஷக்கணக்கா ஸ்பீக்கர் ஓடிக்கிட்டே இருந்தா, கோயிலுக்குள்ள வர்ற எல்லாச் சத்தத்தையும் காது நிரப்புற சத்தம்னு முடிவு பண்ணிடும். அப்புறம் நிஜ நாதஸ்வரம் வாசிச்சாலும் அது உள்ளே போகாது.

சத்த அளவுக்கு வருவோம். நம்ம நாட்டில் 1989-இலிருந்தே தொழிற்சாலைச் சத்தத்துக்குச் சட்டம் இருக்கு. 2019-இல் வந்த புதுச் சட்டப்படி ஒரு தொழிலாளியின் காதுக்கு ஒரு நாளைக்கு, எட்டு மணி நேரக் கணக்கில், 85 டெசிபெல்தான் எல்லை. அதைத் தாண்டினா காதுக்குப் பாதுகாப்பு கொடுக்கணும், செவித்திறன் பரிசோதனை செய்யணும். கோயில் மண்டபம் என்பது கல் தரை, ஓடு பதித்த சுவர், மேலே தகரம். சத்தத்தைக் குடிக்கிற பொருள் ஒன்றும் கிடையாது. அங்கே நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வச்சு, நாதஸ்வரத்துக்கு மைக் வச்சு, பக்கத்துலேயே மோட்டார் மேளத்தையும் ஓட விட்டா, எங்க பிரஸ் செக்‌ஷன்ல நிக்கிற மாதிரிதான் இருக்கு. திறந்த வெளியில், தெருவில், தேர் முன்னாடி கேட்கறதுக்காக வளர்ந்த வாத்தியத்துக்கு உள்ளே மைக் எதுக்குன்னு எனக்கு இன்னும் விளங்கலை.

இந்தச் சாமான்கள் எல்லாம் நம்மகிட்ட எப்படி வந்து சேர்ந்தது என்றால், ஒவ்வொன்றும் நல்லதுக்குத்தான் வந்தது. 1902-இல் கல்கத்தாவில், இந்தியாவிலேயே முதல் முதலா, பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், கொஞ்சம் மேலே. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்கிறவர் என்று பேர் பெற்றவர். அவர் தோடியும் தட்டில் வந்தது, அந்தச் சில நிமிஷத்துக்குள். ஆனா வாங்கினவங்க அதைச் சாவி கொடுத்து, ஊசி மாத்தி, பக்கத்துலேயே உட்கார்ந்து கேட்டாங்க. மூணு நிமிஷத்துல எழுந்து தட்டைத் திருப்பிப் போடணுமே, எங்கே போறது! 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்தவர் அவர். நாதஸ்வரக்காரரை நிக்க வச்சு வேலை வாங்கிய காலத்தில், மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று மரியாதைக்காக நின்றவர். அவர் 1932 வாக்கில் நரசிங்கம்பேட்டை ஆசாரி ரங்கநாதன் அவர்களோடு சேர்ந்து உருவாக்கிய நீளமான பாரி நாயனம்தான் இன்னைக்குப் பரவலா வாசிக்கிறாங்க. அதற்கு முன்னாடி இருந்தது திமிரி, குட்டையானது, சுருதி உசத்தி. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பிறகு கூம்பு ஸ்பீக்கர் வந்தது. எனக்கு நினைவு தெரிஞ்சு எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மரத்து மேல கூம்பு ஸ்பீக்கர் கட்டுவாங்க. எல்.ஆர். ஈஸ்வரி பாடின அம்மன் பாட்டு, டி.எம்.எஸ். பாடின முருகன் பாட்டு. அது ஓடினா லயத்துக்கே திருவிழா வந்துடும். ஆனா வருஷத்துக்கு மூணு நாள்தான் அது. மற்ற நாள்ல தோட்டத்துச் சத்தம் என்பது பெரட்டு மணியும் கோழியும்தான். அதனால அந்த மூணு நாள் சத்தமும் உள்ளே போச்சு. இன்னும் அந்தப் பாட்டைக் கேட்டா எனக்குப் புதுத் துணி வாசனை வருது. டவுன்லேர்ந்து மேளக்காரங்க வந்தா, ராத்திரி தேர் சுத்தி முடிச்ச பிறகும் பெரியவங்க பாய் போட்டு உட்கார்ந்து, இன்னும் ஒண்ணு வாசிங்கண்ணே என்பாங்க. விடிஞ்சா பால் வெட்டப் போகணும், இருந்தாலும் உட்கார்ந்தாங்க.

பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கேசட் கொண்டு வந்தது. அதே வருஷம்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வந்தது. தட்டு மூணு நிமிஷத்தில் நின்ற காலம் போய், கேசட் ஒரு பக்கம் அரை மணி நேரம் ஓடியது. சி.டி. ஒரு மணி நேரத்துக்கு மேல். பென்டிரைவ் நாள் முழுக்க. நிக்கவே வேண்டாம். ஒரு பாட்டு எப்போ முடியும், அடுத்தது எப்போ என்று காத்திருக்கும் வேலை போச்சு. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் நம்ம கோயில்ல தினமும் ஓடுது. ஓடும்போது கூடவே சொல்றவங்களை எண்ணினா கை விரல் மிச்சம் இருக்கும். தீபாராதனை முடிஞ்சு பஞ்சபுராணம் பாடும்போதுகூட, நம்ம பிள்ளைங்க மைக்கில் திருவாசகம் பாடுது, பின்னாடி பிரசாதத்துக்கு வரிசை. அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பார்த்திருக்கீங்களா?

இங்கே சிங்கப்பூர் விஷயம் ஒன்று சொல்லணும். அங்கே தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973-இலிருந்து தடை இருந்தது. 2016-இல்தான் ஊர்வலப் பாதையில் மூணு இடத்தில் நேரடி இசைக்கு அனுமதி கொடுத்தார்கள். தொண்ணூறுகளில் உறவுக்காரர் ஒருத்தர் பால்குடம் எடுத்தப்போ கூட நடந்தேன். மேளம் இல்லாத தைப்பூசம் எனக்குக் கஷ்டமாத்தான் இருந்தது. காவடி எடுக்கிறவனுக்குக் கால் தூக்க மேளம் வேணும், அந்த வருத்தம் நியாயம். ஆனா அன்னைக்கு ஒன்று கேட்டது. காவடியில் கட்டின மணி, சலங்கை, பக்கத்துல நடக்கிற அம்மா மெல்ல முருகா முருகான்னு சொல்றது. பத்துமலையில் எத்தனையோ வருஷம் நடந்தும் அது என் காதில் விழுந்ததில்லை. தடை நல்லதுன்னு சொல்ல வரலை. நம்ம பக்கம் சத்தம் கூடிப்போய், உருமி மேளக்காரர் உயிரைக் கொடுத்து வாசிக்கிற வாசிப்பே, பக்கத்துப் பந்தல் ஸ்பீக்கர்ல மூழ்கிப் போகுது என்று சொல்ல வர்றேன்.

இன்னொரு விஷயம். 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு ஆரம்பிச்ச நாள். கோயில் கதவு சாத்தியாச்சு. உள்ளே குருக்கள், நாதஸ்வர அண்ணன், தவில் தம்பி, மூணே பேர். ஊருக்குப் போகவும் முடியாது, விமானம் இல்லை. அந்த வாரங்களில் அவங்களுக்கு மளிகைச் சாமான் கொண்டு போய் வாசல்ல வைக்கிற வேலை எனக்கு வந்தது. ஒரு சாயங்காலம் போறேன், ரோட்டுல ஒரு கார் இல்லை. மோட்டார் மேளம் ஓடலை. ஸ்பீக்கர் இல்லை. உள்ளேருந்து நாதஸ்வரமும் தவிலும் மட்டும் வருது. கேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தவில் ஓங்கி எழும்பினப்போ இப்போ தீபம் ஏறுது என்று தெரிஞ்சது, அடங்கினப்போ கற்பூரம் இறங்குது என்று தெரிஞ்சது. உள்ளே நடக்கிறது ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் காதுக்குத் தெரிஞ்சது. மண்டபத்தில் பக்தர் ஒருத்தர்கூட இல்லை. அவங்க ஒரு சுரத்தைக்கூடக் குறைக்கலை. பிறகு அண்ணன்கிட்ட கேட்டேன், ஆள் இல்லாம வாசிக்க ஒரு மாதிரி இல்லையாண்ணே? அவர் சிரிச்சார். "ஆள் இருக்கும்போதும் கேட்கிறவர் அவர் ஒருத்தர்தானே, தம்பி."

கிண்டலாச் சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கம் அவர் ஊர். பத்து வயசுல ஆரம்பிச்சு, விடியற்காலை சாதகம் பண்ணி வந்தவர். இன்னொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னது: இங்கே சம்பளம் சரியா வருது, சாப்பாட்டுக்குக் குறை இல்லை, எல்லாரும் மரியாதையாத்தான் பேசறாங்க. ஆனா வந்த இத்தனை வருஷத்தில், நேத்து என்ன ராகம் வாசிச்சீங்கன்னு ஒருத்தர் கேட்டதில்லை.

குழுவில் கேட்ட அன்பருக்கு என் பதில் இதுதான். செலவு உண்மை. பெர்மிட் அலைச்சலும் உண்மை, குடிநுழைவு ஆபீஸ் வாசல்ல நிர்வாகத்தோட நானும் நின்னிருக்கேன். மோட்டார் மேளம் இவங்க வேலையில் பாதியைக்கூடச் செய்யாது. அதுக்குச் சுவாமியும் தெரியாது, தீபமும் தெரியாது. இவங்க ரெண்டு பேரையும் அனுப்பிட்டு மிஷினை வச்சுக்கிட்டா, வெளியிலிருந்து பார்க்கிறவங்களுக்கு ஒரு மாசம்வரை வித்தியாசமே தெரியாமப் போகலாம். அந்த ஒரு மாசம்தான் என்னை ரொம்ப உறுத்துது. செலவைக் குறைக்கணும்னா கூட்டத்தில் வேற வழி பேசலாம். ரெண்டு ஸ்பீக்கரைக் கழட்டினா கரண்டு பில்லும் குறையும். நாதஸ்வர உபயம் என்று தனியா வைக்கலாம், அன்னதான உபயத்துக்குக் கொடுக்கிற ஜனங்கள் இதுக்கும் கொடுப்பாங்க. நம்ம தாமான்ல ரெண்டு பையன்கள் தவில் கத்துக்க ஆசைப்படறாங்க, அண்ணனும் தம்பியும் இங்கே இருந்தாத்தானே கத்துக்க முடியும்? இங்கேயே பிறந்த பிள்ளைக்கு பெர்மிட் எடுக்க வேண்டியதில்லை.

ராகம் தெரியாதவங்க எப்படிக் கேட்கிறதுன்னு சிலர் நினைக்கலாம். எனக்கும் ராகம் தெரியாது. அண்ணன் சொல்லிக் கொடுத்த ஒரு வழி இருக்கு. நாதஸ்வரத்தை விட்டுட்டு முதல்ல தாளத்தை மட்டும் பிடிங்க, அந்தச் சின்ன ஜால்ரா சத்தத்தை. அது பிடிபட்டதும் தவில் அதோட எங்கே சேருது, எங்கே விலகுதுன்னு பாருங்க. அப்புறம் நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்கிற இடம். அவ்வளவுதான். அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகாது, பக்கத்துல யார் என்ன பேசறாங்கன்னு காதில் விழாது.

நிர்வாகத்துகிட்ட அனுமதி கேட்டாச்சு, தலைவரும் சரின்னுட்டார். இந்த மாசம் நாலு வெள்ளிக்கிழமையும் சாயங்கால பூஜை முடிஞ்சதும் இருபது நிமிஷம் மோட்டார் மேளம், ஸ்பீக்கர், மைக் எல்லாம் நிறுத்தி வைப்போம். அண்ணனும் தம்பியும் வாசிப்பாங்க. முதல் வெள்ளி மல்லாரி கேட்டிருக்கேன், கடைசி வெள்ளி நீலாம்பரி. வசந்த மண்டபத்துல பாய் விரிச்சு வைக்கிறது நம்ம இளைஞர் அணி. முட்டி வலி உள்ளவங்களுக்கு நாற்காலி உண்டு. கைப்பேசியைச் சத்தமில்லாம வச்சுக்குங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க, அழுதாலும் பரவாயில்லை. முடிஞ்சதும் சுண்டலும் கோப்பியும் இருக்கு. அண்ணன்கிட்ட என்ன ராகம்னு கேட்க மறந்துடாதீங்க.

ஓம் நமசிவாய.